வரம்பு கரைந்த தாடையில் பல் செட் நிற்குமா?

போன வருஷம் மாரி தொடங்குகிற நேரம், மூதூரில் இருந்து ஒரு அம்மா என்னிடம் பல் காட்ட வந்திருந்தார். வயது எழுபதைத் தாண்டும், முப்பது வருஷத்துக்கு மேல் மீன் விற்றவர். வாயைத் திறக்கும் முன்னமே கையில் இருந்த சொப்பிங் பேக்கைத் திறந்து மேசையில் வைத்தார். உள்ளே மூன்று கீழ்ச் செட். ஒன்றில் பற்கள் பெரிசாக, வெள்ளையாக, இருபது வயதுப் பிள்ளையின் பல் மாதிரி. இரண்டாவதைச் சுற்றிவர அராவி அராவி ஓரமே இல்லாமல் ஆக்கியிருந்தது. மூன்றாவதின் உட்பக்கம் பஞ்சும் பசையும் காய்ந்து ஒட்டிக் கிடந்தது.

"மேல் செட் பிழையில்லை பிள்ளை. இந்தக் கீழ் செட்தான் வாய்க்குள்ள ஓடித்திரியுது. 'சூரை' எண்டு கூவ வாயைத் திறந்தா எழும்பி நாக்குக்கு மேல வந்து நிக்குது. முரசு கரைஞ்சு போச்சாம், இனிச் செட் நிக்காதாம். உண்மையோ?"

திருகோணமலையில் பல் வைத்தியம் பார்க்கிற என் காதில் இந்தக் கேள்வி விழாத வாரம் இல்லை. முரசு கரைந்தது என்பது பாதி உண்மை. இனிச் செட் நிற்காது என்பது பெரும்பாலும் உண்மை இல்லை. ஏன் என்று பல் வைத்தியம் படிக்காத ஒருவருக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் அவர் கதையையும் சேர்க்கிறேன்.

முதலில் கரைவது எது என்று பார்ப்போம். முரசு, அதாவது ஈறு, மேலே போர்த்தியிருக்கிற தோல்தான். கரைவது அதற்குள் இருக்கிற எலும்பு. பல்லைப் பிடித்திருக்கும் தாடை எலும்பின் அந்த மேல் பகுதி பல்லுக்காகவே இருக்கிற எலும்பு: பல் முளைக்கும்போது அதோடு சேர்ந்து எழும்பி வருகிறது, பல் இருக்கும்வரை இருக்கிறது. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்கள் உண்டு. ஒவ்வொரு கடிக்கும் அந்த நார்கள் எலும்பை மெதுவாக இழுக்கும், அந்த இழுப்புத்தான் எலும்புக்கு உரம். பல்லைப் பிடுங்கினால் நார் போய்விடும், இழுப்பும் போய்விடும், உடம்பு அந்த எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் செட் வைத்தால் செட் எலும்பை இழுக்காது, அழுத்தும். அழுத்தத்தை எலும்பு அவ்வளவாகத் தாங்காது.

கந்தளாய்ப் பக்கம் வயல் பார்த்தவர்களுக்கு வரம்பு தெரியும். பல் பிடுங்கின தாடையும் ஒரு வரம்பு மாதிரித்தான் இருக்கும், நல்ல உயரமாக, உருண்டையாக. முதல் வருஷத்தில்தான் அது மிக வேகமாகக் கரைகிறது. பிறகு வேகம் குறையும், ஆனால் நிற்பதில்லை, உயிர் உள்ளவரை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். டால்கிரென் என்ற ஆய்வாளர் செட் போட்டவர்களை 25 வருஷ அளவு தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 1972இல் எழுதினார்: கீழ்த்தாடையின் முன்பக்கம், மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கரைகிறது. எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. சிலருக்கு இருபது வருஷத்துக்குப் பிறகும் நல்ல வரம்பு இருக்கும், சிலருக்கு ஐந்து வருஷத்திலேயே தட்டை. பல் போய் எத்தனை வருஷம், பிடுங்கும் முன் முரசு வியாதி எவ்வளவு எலும்பைத் தின்றிருந்தது, பொருந்தாத செட்டை இரவும் பகலும் போட்டிருந்தாரா, எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

இன்னொரு விஷயம், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. மேல்தாடை கரையும்போது உள்ளுக்குச் சுருங்கும். கீழ்த்தாடை கரையும்போது, எலும்பு கீழே போகப் போக அகலம் கூடுவதால், வெளியே விரிந்த மாதிரி ஆகும். அதனால்தான் பல வருஷம் பல் இல்லாத முகத்தில் உதடு உள்ளே போய், நாடி முன்னுக்கு வந்து, மூக்கும் நாடியும் கிட்டக்கிட்ட வந்த தோற்றம். வயது மட்டும் காரணம் இல்லை.

சரி, மேல் செட் ஏன் பிழையில்லாமல் நிற்கிறது? இரண்டு கண்ணாடித் தகட்டை நனைத்து ஒன்றோடு ஒன்று வைத்துப் பாருங்கள், பிரிக்கக் கஷ்டம். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடுகிறது, நடுவில் மெல்லிய உமிழ்நீர்ப் படலம், சுற்றிவர ஓரம் மென்மையான தோலோடு ஒட்டிக் காற்றுப் புகாமல் அடைக்கிறது. கீழ்ச் செட்டுக்கு அந்த வசதி எதுவும் இல்லை. குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு பட்டி, அதற்குக் கிடைக்கிற பரப்பு மேலே கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். நடுவில் நாக்கு இருக்கிறது, அது சும்மா இருக்கிற உறுப்பு இல்லை. ஒவ்வொரு விழுங்கலுக்கும் வாயின் அடித்தளம் மேலே எழும்புகிறது. வெளிப்பக்கம் கன்னமும் உதடும் இழுக்கிறது. வரம்பு உயரமாக இருந்தபோது செட் அதற்கு மேல் குதிரையில் ஏறியவர் மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தது. வரம்பு தட்டையானால் காலைப் போட இடம் இல்லை.

செட் நிற்கிறது என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு விஷயம் இருக்கிறது. ஒன்று தாங்கல்: கடிக்கும்போது செட் கீழே புதையாமல் இருக்க அடியில் உறுதியான இடம் வேண்டும். இரண்டாவது பிடிப்பு: மேலே எழும்பாமல் இருக்க வேண்டும். மூன்றாவது அசையாமை: பக்கவாட்டில், முன்னும் பின்னும் வழுக்காமல் இருக்க வேண்டும். தட்டைத் தாடையில் அதிகம் அடிபடுவது இந்த மூன்றாவது. ஆனால் ஆட்கள் கேட்பது இரண்டாவதை, "டொக்டர், இறுக்கமா வருமா?" என்று. இறுக்கம் என்று நினைத்து ஓரத்தை நீட்டி நீட்டிச் செய்தால், தசை அசையும்போது அந்த நீண்ட ஓரத்தைத் தூக்கி எறியும், இல்லாவிட்டால் புண்ணாக்கும். பிறகு புண் வந்த இடம் எல்லாம் அராவுவார்கள். அராவினால் ஓரம் குறையும், அடைப்பு போகும், இன்னும் ஆடும். அந்த அம்மாவின் இரண்டாவது செட் அப்படி அராவப்பட்டதுதான்.

அப்போ என்ன செய்வது? எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான்: எலும்பு பிடிக்காத இடத்தில் தசை பிடிக்கும், ஆனால் தசைக்கு ஏற்ற வடிவத்தில் செட்டைச் செய்து கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் இதில் இருந்து வருகிறது.

வாயை விரலால் தடவிப் பார்ப்பதில் தொடங்குவோம். அந்த அம்மாவின் கீழ்த்தாடையைத் தடவினபோது, நடுவில் வரம்பே இல்லை. அலை வந்து போன ஈரமணல் மாதிரிச் சமம், சில இடத்தில் குழி. ஆனால் தட்டைத் தாடையிலும் கரையாமல் நிற்கிற இடங்கள் உண்டு. கடைவாய்ப் பக்கம், வரம்புக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு திண்ணை மாதிரி எலும்பு இருக்கும். மேற்பரப்பு கெட்டியானது, கடிக்கும் பாரம் நேராக அதன்மேல் விழும், எளிதில் கரையாது. கீழ்ச் செட்டின் தாங்கலுக்கு அந்தத் திண்ணைதான் உயிர். வரம்பின் கடைசியில், கடைசிப் பல் இருந்த இடத்துக்குப் பின்னால், பேரிக்காய் வடிவத்தில் ஒரு மெத்தை இருக்கிறது. செட் அதன்மேல் ஏறி மூட வேண்டும். அவருடைய மூன்று பழைய செட்டில் இரண்டு அந்த மெத்தையைத் தொடவே இல்லை, முன்னமே வெட்டி நின்றுவிட்டது. பரப்பு குறைந்த இடத்தில் அதே பாரம் என்றால் வலி கூடத்தானே செய்யும்.

விரல் தேட வேண்டிய இன்னும் ஒன்று இருக்கிறது. கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பு, தாடை எலும்பின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துவாரம் வழியாக வெளியே வருகிறது. எலும்பு நன்றாக இருக்கும்போது அந்தத் துவாரம் கீழே பாதுகாப்பாக இருக்கும். வரம்பு கரையக் கரைய அது மேலே, செட் உட்காருகிற இடத்துக்கே வந்துவிடும். அப்போது செட் போட்டுக் கடித்தால் கரண்ட் அடித்த மாதிரி வலிக்கும், சிலருக்கு உதடு விறைக்கும். இதைச் "செட் பழக வேணும்" என்று பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து பொறுக்க வேண்டாம், அந்த இடத்தில் செட்டின் உட்பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டால் தீரக்கூடிய பிரச்சினை அது. தாடை முழுவதையும் காட்டும் பெரிய எக்ஸ்ரே ஒன்று எடுத்தால், துவாரம் எங்கே இருக்கிறது, எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, உள்ளே வேர் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று எல்லாம் தெரியும்.

அடுத்தது அளவு எடுப்பது. பாதி வெற்றி தோல்வி இதில்தான். சாதாரணமாக ஆட்கள் நினைப்பது: வாய்க்குள் ஒரு ட்ரேயில் களி மாதிரி ஒன்றை வைத்து அமுக்கினால் அச்சு வரும், அந்த அச்சில் செட் வரும். ஒரு தடவை அப்படி எடுப்பது முதல் அளவு மட்டும்தான். அதில் இருந்து அந்த ஆளுக்கென்றே ஒரு ட்ரே செய்து, திரும்ப இரண்டாவது அளவு எடுக்க வேண்டும். தட்டைத் தாடையில் முரசு தளர்ந்து மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். மிக மெல்லிய பொருளால் அளவு எடுத்தால் மடிப்பும் அப்படியே பதிந்துவிடும், செட் அந்த மடிப்பைக் கிள்ளும். மக்கோர்ட், டைசன் என்ற இருவர் 1997இல் இதற்கு ஒரு வழி எழுதினார்கள். எனக்கு மிகப் பிடித்த வழி. சூட்டில் இளகுகிற, அச்சு எடுக்கும் சிவப்பு கம்பவுண்ட் 3 பங்கு, அதே மாதிரி இளகுகிற, ட்ரேயின் ஓரத்தை வடிவமைக்கப் பாவிக்கும் பச்சைக் குச்சி 7 பங்கு, எடை பார்த்து எடுத்து, வெந்நீரில் விட்டு இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து ட்ரேயில் வைப்பது. தண்ணிபோல ஓடாத, ஆனால் கல்லாகவும் இல்லாத பதம், சரியாகக் குழைத்த பிட்டு மா மாதிரி என்று நான் சொல்வேன். அது மடிப்புகளை மெதுவாக நீவி விரித்து, அடியில் இருக்கும் எலும்பின் வடிவத்தைப் பிடிக்கும். எங்கே பாரத்தைத் தாங்கும், எங்கே தாங்காது என்பது அந்த அச்சிலேயே தெரியும், ஏனென்றால் நோகிற இடத்தை விரலால் அமுக்கினால் நோயாளியே கையைப் பிடிப்பார்.

பொருள் எதுவானாலும் ஓரம் எப்படி வருகிறது என்பது அதைவிட முக்கியம். பொருள் இளக்கமாக இருக்கும்போதே நாக்கை வெளியே நீட்டச் சொல்கிறோம், மேல் உதட்டை நக்கச் சொல்கிறோம், "ஊ", "ஈ" சொல்லச் சொல்கிறோம், ஒரு வாய் விழுங்கச் சொல்கிறோம். தசை தான் போகிற தூரம் போய் ஓரத்தை வெட்டிக்கொள்கிறது. வைத்தியர் கன்னத்தைப் பிடித்து இழுத்து ஓரம் பிடிப்பதைவிட, அந்த ஆளே அசைத்து வருகிற ஓரம் நல்லது என்பது என் அனுபவம். வேலையில் அவசரம் பிடித்தால் முதலில் வெட்டுப்படுவதும் இந்தப் படிதான், அது எனக்குக் கவலை.

இனி நான் ஆசையோடு சொல்ல இருந்த இடம்.

வடகீழ்ப் பருவக்காற்று நேரம் இங்கே திருகோணமலையின் டச்சு விரிகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே நேரம் உட்துறைமுகத்துக்குள் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும், நடுவில் நிலம் தடுப்பதால். வாய்க்குள்ளும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. உள்ளே இருந்து நாக்கு வெளியே தள்ளுகிறது, வெளியே இருந்து கன்னமும் உதடும் உள்ளே தள்ளுகிறது. இந்த இரண்டு தள்ளலும் சமமாகி ஒன்றையொன்று அடக்கிக்கொள்கிற ஒரு குறுகிய பாதை நடுவில் இருக்கிறது. இயற்கைப் பற்கள் முளைத்து வந்து நின்றதும் அந்தப் பாதையில்தான். இதை நடுநிலை வலயம் என்று சொல்லலாம். செட்டின் பற்களையும், அவற்றைத் தாங்குகிற அக்ரிலிக் பிளாஸ்டிக்கையும் அந்தப் பாதைக்குள் வைத்தால், நாக்கும் கன்னமும் இரண்டு பக்கமும் இருந்து செட்டைப் பிடித்துக்கொள்ளும். பாதைக்கு வெளியே வைத்தால் அதே தசைகள் ஒவ்வொரு சொல்லுக்கும் தூக்கி எறியும். செட்டின் வெளிப்பக்கமும் உட்பக்கமும், அதாவது மினுக்கிய பக்கங்கள், தசை அழுத்துவதற்கு ஏற்ற வடிவத்தில் இருக்க வேண்டும் என்று ஃபிஷ் என்பவர் 1930களிலேயே எழுதிவிட்டார். அதை அளவாகப் பதிவு செய்யும் முறையை பெரெசின், ஷீஸர் என்ற இருவர் 1970களில் விரித்து எழுதினார்கள். பழைய யோசனைதான், ஆனால் தட்டைத் தாடைக்கு இன்றும் இது வேலை செய்கிறது.

எப்படிப் பதிவு செய்வது என்று அந்த அம்மாவின் வாயிலேயே காட்டுகிறேன். முதலில் கீழ்த்தாடைக்கு ஒரு அக்ரிலிக் அடித்தட்டு செய்தோம், வாயைத் திறந்து மூடினாலும் அசையாமல் நிற்கிற தட்டு. பற்கள் வர வேண்டிய இடத்தில் சின்னதாக இரண்டு தூண், கடி உயரத்தைப் பிடித்திருக்க. தூண்களைச் சுற்றி இளக்கிய கம்பவுண்டை ஒரு கயிறு மாதிரி உருட்டி ஒட்டி, வாய்க்குள் வைத்தேன். ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கச் சொன்னேன். பிறகு பேசச் சொன்னேன். வழக்கமாக ஒன்றில் இருந்து எண்ணச் சொல்வோம். அவர் எண்ணத் தொடங்கிவிட்டு நிறுத்தினார், "எண்ணுறது என்ர வாய்க்கு வராது பிள்ளை" என்றார். சரி, மீனைக் கூவுங்கோ அம்மா என்றேன். சந்தையில் நிற்கிற மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்து, "சூரை, சாளை, பாரை, விளமீன்" என்று கூவினார். ச வரும்போது நாக்கு முன்னுக்கு வந்தது, ப வரும்போது உதடு மூடி அழுத்தியது, ஐந்து நிமிஷம் அறையே சந்தைதான்.

வெளியே எடுத்துப் பார்த்தால், உருட்டி வைத்த கயிறு கயிறாகவே இல்லை. முன்பக்கம் உதடு அமுக்கி உள்ளே சாய்ந்திருந்தது, கடைவாய்ப் பக்கம் கன்னத்தின் ஒரு குழி பதிந்திருந்தது, உட்பக்கம் நாக்கு ஓடின ஓடை. வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே மாதிரி இல்லை, ஏனென்றால் அவர் நாக்கு அப்படி. பழைய செட் ஒன்றை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செட்டின் முன்பற்கள் இந்தப் பாதையில் இருந்து வெளியே, உதட்டுக்குள் போய் நின்றன. 'சூரை' என்று கூவும்போது உதடு ஒவ்வொரு தடவையும் அந்தப் பற்களைத்தான் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பின்னே செட் நாக்குக்கு மேல் ஏறி நிற்காமல் என்ன செய்யும்?

அந்த வடிவத்தைச் சுற்றிப் பல் செட் செய்கிற தொழில்நுட்பவியலாளர் ஒரு அணை கட்டுவார், வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. கம்பவுண்டை எடுத்துவிட்டு அந்த அணைக்குள் மெழுகை ஊற்றினால் அதே வடிவம் மெழுகில் வரும், பற்களை அந்த மெழுகின் எல்லைக்குள்ளேயே அடுக்க வேண்டும். இந்த வேலையில் பாதி அவர்களுடையது. நல்ல வைத்தியர் எடுத்த நல்ல அளவு, அணை கட்டாத ஒரு மேசையில் வீணாகிவிடும்.

கடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தட்டைத் தாடைக்கு அகலமான பற்கள் வேண்டாம், ஒடுக்கமான பற்கள் போதும், உணவை வெட்ட அழுத்தமும் குறைவாகத் தேவைப்படும். கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். தாடை பின்பக்கம் மேலே ஏறத் தொடங்குகிற சரிவில் பல் வைத்தால், கடிக்கும்போது செட் சறுக்கு மரத்தில் ஓடுகிற மாதிரி முன்னுக்கு ஓடும். கூரான முகடுள்ள பற்கள் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொண்டு செட்டைப் பக்கவாட்டில் இழுக்கும், அதனால் முகடு குறைந்த பற்கள், அல்லது மேல் பல்லின் உள்முகடு மட்டும் கீழ்ப் பல்லின் ஆழமில்லாத குழியில் இறங்குகிற அடுக்கு. இரண்டு பக்கமும் ஒரே நேரம் தொட வேண்டும். பல வருஷம் தேய்ந்த செட்டோடு பழகியவர்கள் நாடியை முன்னுக்குத் தள்ளிக் கடிக்கப் பழகியிருப்பார்கள். அந்தப் பழக்கக் கடியையே அளவெடுத்தால் புதுச் செட்டும் ஆடும், ஆகவே இந்தப் படியில் பொறுமை வேண்டும்.

கடியின் உயரமும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவில் 2 முதல் 4 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். கன்னச் சுருக்கம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு உயரத்தைக் கூட்டச் சொல்கிறவர்கள் உண்டு. கூட்டினால் பேசும்போது பல் 'டக் டக்' என்று அடிபடும், தசை களைக்கும், தட்டையான தாடை நாள் முழுக்க இடிபட்டு நோகும். சுருக்கம் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

செட்டைக் கையில் கொடுக்கிற நாளோடு வேலை முடிவதில்லை. அடுத்த நாளோ இரண்டு நாளிலோ வர வேண்டும். வரும்போது செட்டைப் போட்டுக்கொண்டு வர வேண்டும். "நொந்தது, கழற்றி வைத்துவிட்டு வந்தேன்" என்றால் புண் ஆறியிருக்கும், எங்கே அழுத்துகிறது என்று எங்களுக்குத் தெரியாது. புண் வந்தால் வீட்டில் அரத்தை எடுக்க வேண்டாம். நோகிற இடம் ஒன்றாக இருக்கும், காரணம் வேறு இடத்தில் கடி முட்டுவதாக இருக்கும்.

பழகுவதும் ஒரு வேலைதான், அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முழுச் செட்டால் கடிக்கிற பலம் சொந்தப் பல்லின் பலத்தில் ஒரு சின்னப் பங்குதான். முதல் வாரம் இடியப்பமும் சொதியும், குழைந்த சோறு, மீன். சின்னச் சின்னத் துண்டாக, இரண்டு பக்கமும் ஒரே நேரம் மெல்ல வேண்டும். முன்பல்லால் மாம்பழம் கடிக்கக் கூடாது, கடித்தால் பின்பக்கம் எழும்பும். கச்சான், முறுக்கு எல்லாம் பிறகு பார்க்கலாம். நாக்கின் நுனி கீழ் முன்பல்லின் பின்பக்கத்தைத் தொட்டபடி கிடக்க வேண்டும். பல வருஷம் பல் இல்லாதவர்களின் நாக்கு பின்னுக்குச் சுருண்டு பழகியிருக்கும், அப்போது செட்டின் உட்பக்க அடைப்பு திறந்துவிடும். கண்ணாடிக்கு முன்னால் வாயைப் பாதி திறந்து, நாக்கை முன்னுக்கு வைத்துப் பழகினால் சில வாரத்தில் வந்துவிடும். மெல்லும்போது செட்டை அமுக்கிப் பிடித்திருக்கக் கன்னத்துக்கும் நாக்குக்கும் தெரிய வேண்டும், பிள்ளை சைக்கிள் பழகுகிற மாதிரி.

இரவில் கழற்றி வைக்க வேண்டும். இரவும் பகலும் போட்டிருந்தால் முரசுக்கு ஓய்வில்லை, மேல் அண்ணம் சிவந்து பூஞ்சைத் தொற்றும் வரும். மெல்லிய தூரிகையும் சோப்பும் போதும், கழுவும்போது அடியில் ஒரு தண்ணீர்க் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள், கை தவறினாலும் உடையாது. கொதிதண்ணீர் வேண்டவே வேண்டாம், அக்ரிலிக் வளையும். பசை பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். நன்றாகப் பொருந்துகிற செட்டுக்கு ஒரு கடலையளவு பசை உதவி செய்யும், வெளியே போகும் நாளில் தைரியம் தரும். பொருந்தாத செட்டைப் பசையால் நிரப்பிப் போடுவது வேறு, அது எலும்பை இன்னும் கரைக்கும். துத்தநாகம் கலந்த பசையை நாள்தோறும் அளவுக்கு மிஞ்சிப் பாவித்தவர்களுக்கு நரம்புப் பாதிப்பு வந்ததாகவும் பதிவுகள் உண்டு.

இம்ப்ளான்ட் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. கீழ்த்தாடையின் முன்பக்கம், நான் மேலே சொன்ன இரண்டு நரம்புத் துவாரங்களுக்கும் நடுவில், மற்ற இடமெல்லாம் தட்டையானாலும் கொஞ்சம் எலும்பு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். அங்கே இரண்டு டைட்டேனியம் திருகை வைத்து, சட்டைப் பொத்தான் மாதிரிச் செட்டை அதில் பூட்டலாம், கழற்றியும் கழுவலாம். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் 2002இல், முழுதாகப் பல் இழந்த கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் வைத்த செட்டையே முதல் தெரிவாக வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். அது நியாயமான பேச்சு. முடிந்தவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும், பேராதனைப் பல் மருத்துவ பீடத்துக்கோ கொழும்புக்கோ கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் காசு, பயணம், கட்டுப்படாத சர்க்கரை வியாதி, சத்திர சிகிச்சைப் பயம் என்று பலருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. அவர்களுக்கு நாங்கள் சாதாரணச் செட்டையே இன்னும் கவனமாகச் செய்து கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். இம்ப்ளான்ட் வைத்த செட்டுக்கும் ஓரமும் கடியும் நடுநிலை வலயமும் சரியாக வேண்டும், பிழையான செட்டை இரண்டு திருகு வந்து காப்பாற்றாது.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது, அல்லது அவர்களின் அம்மம்மாவுக்கு, கீழே இன்னும் இரண்டு மூன்று பல் மிஞ்சியிருந்தால் ஒரு வேண்டுகோள். "ஆடுற பல்லுத்தானே, எல்லாத்தையும் கழட்டிட்டு முழுச் செட்டாப் போடுங்கோ" என்று கேட்கும் முன், முன்பற்களுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற கூரான வேட்டைப்பல் இரண்டையும் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். வேர் உறுதியாக இருந்தால் நரம்புச் சிகிச்சை செய்து, மேலே முரசு மட்டத்துக்குக் குறைத்து, அதன்மேல் செட்டை உட்கார வைக்கலாம். க்ரம், ரூனி என்ற இருவர் 1978இல் வெளியிட்ட ஐந்து வருஷ ஒப்பீட்டில், கீழ் வேட்டைப்பல் வேர்களை வைத்துக்கொண்டவர்களுக்கு முன்பக்க எலும்பு சராசரியாக 0.6 மில்லிமீற்றர்தான் குறைந்தது. எல்லாவற்றையும் பிடுங்கியவர்களுக்கு 5.2 மில்லிமீற்றர். இரண்டு சின்ன வேர், அரை சென்ரிமீற்றர் வரம்பு. பல்லைப் பிடுங்க ஒரு காலைப்பொழுது போதும், அந்த எலும்பைத் திருப்பிக் கொண்டுவர என்னிடம் மருந்து இல்லை.

அந்த அம்மாவின் புதுச் செட்டுக்கு முதல் வாரத்தில் இரண்டு இடத்தில் புண் வந்தது, மூன்று தடவை மூதூரில் இருந்து பஸ் ஏறி வந்தார். நான்காவது தடவை வாய்க்குள் பார்க்க முன்னமே கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்காமலே "சூரை!" என்று ஒரு கூவல், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செட் இருந்த இடத்திலேயே இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன், இருந்தது. பெரிதாக வாயைப் பிளந்தபோது கொஞ்சம் எழும்பியது, அதையும் அவரிடம் சொன்னேன், தட்டைத் தாடையில் அவ்வளவு எழும்பத்தான் செய்யும், வாயை மூடினால் திரும்ப உட்காரும் என்று. எலும்பு இனியும் கரையும், ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், தளர்ந்தால் உட்பக்கம் மட்டும் புதிதாக ஊற்றலாம், முழுச் செட்டை மாற்றத் தேவையில்லை என்றும் சொன்னேன். பழைய மூன்றையும் என்ன செய்ய என்று கேட்டார். இரண்டாவதை என்னிடம் தரச் சொன்னேன், அராவின ஓரத்தை மற்றவர்களுக்குக் காட்ட. இப்போது மேசை லாச்சியில் இருக்கிறது, ஓரம் ஏன் முக்கியம் என்று யாராவது கேட்டால் முதலில் அதைத்தான் எடுக்கிறேன்.